பதில் கிடைக்காத பெயர்கள்

இருபத்தொரு நாளில் அந்த மாடி வீட்டுக்குள் ஒரு பாறையும் ஒரு கதவும் ஒரு திராட்சைக் கொடியும் ஓர் ஆட்டுக்குட்டியும் வந்து சேர்ந்தன. எதையும் யாரும் படியேற்றிக் கொண்டுவரவில்லை.

அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் பதினேழு வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஜெபித்தார்கள். கடவுளின் பெயர்கள் எழுதிய நீளமான தாளிலிருந்து அக்கா ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஒவ்வொன்றுக்கும் தங்கை "எங்களோடு இரும்" என்பாள். வாசிக்கிறவரே பதிலும் சொல்லக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு தங்கை தனியாக வாசித்தாள். பதில் கிடைக்காத பெயர்கள் மேலே போகாமல் அறையிலேயே தங்கிவிட்டன. "கன்மலை" என்றாள், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பாறை. "வாசல்" என்றாள், சுவரில் ஒரு கதவு, திறந்தால் அதே சுவர். "ஜீவ ஊற்று" சமையலறைத் தரையை நனைத்தது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், சும்மா விடுவாளா? ஒரு குப்பியில் பிடித்துப்போய்ச் சோதித்தாள். கிருமி இல்லை, உப்பு கொஞ்சம் தூக்கல், குடிக்கலாம். "இருக்கிறவர்" என்றபோது எதுவும் வரவில்லை. எதிர் நாற்காலி மட்டும் யாரோ உட்கார்ந்ததுபோல் கிறீச்சிட்டது. அன்று அவள் வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டாள்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம் "அப்படியேதான்" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"ஏம்மா, என் வீட்டு சீலிங்ல விரிசல் விட்டிருக்கு. மேல என்ன கல்லா உடைக்கிறே?" உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஆடு வளர்க்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?"

"வளர்க்கலை ஆன்ட்டி. தானா வந்தது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

கால் வலித்ததால் பாறைமேல் உட்கார்ந்து விவரத்தைக் கேட்டாள். "பதில் சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதானே? படி, நான் சொல்றேன்."

தங்கை படித்தாள். வீட்டுக்காரம்மா கட்டைக் குரலில் "எங்களோடு இரும்" என்றாள். அறைக்குள் புதிதாக எதுவும் வந்து விழவில்லை. அடுத்த பெயரும் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்ததும்.

"நில்லு." வீட்டுக்காரம்மா கண்ணாடியைப் போட்டுத் தாளைப் பார்த்தாள். "ஒரு வரியைத் தாண்டிட்டே. 'உயிர்த்தெழுதலும் ஜீவனுமானவர்.' எவ்வளவு நல்லா இருக்கு. இதைப் போய் விடுவாங்களா?"

"தினமும் விடுறேன்."

"ஏன்?"

ஆட்டுக்குட்டி கொடியில் ஓர் இலையை இழுத்து மென்றது. வீட்டுக்காரம்மா அதை விரட்டவில்லை.

"அதைச் சொல்லியும் யாரும் வரலேன்னா?" தங்கை தாளை மடித்தாள். "அக்கா செத்துட்டா ஆன்ட்டி. கொண்டுபோன அன்னைக்கே. நான் ஒருத்தியாப் போய் அடக்கம் பண்ணிட்டு வந்தேன்."