வெள்ளைக் கதவில் மஞ்சள்

அந்த வண்டிப் பட்டறையில் பெயிண்டருடைய கண்ணைத்தான் எல்லோரும் நம்புவார்கள். எந்தக் கார் நசுங்கி வந்தாலும் பழைய நிறத்துக்கு அச்சு அசலாகப் பெயிண்ட் கலந்துவிடுவார். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. பெயிண்ட் படக்கூடாத இடங்களில் தாளும் டேப்பும் ஒட்டுவாள். அந்தச் சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அடித்து முடித்த வெள்ளைக் கதவைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் கதவு பளிச்சென்று இருக்க, இதற்குக் காமாலை கண்டதுபோல் இருந்தது.

“என்னங்க, மஞ்சளைக் கொட்டி வச்சிருக்கீங்க?”

“வெள்ளையே நீலமா அடிக்குதுடி. அதான் கொஞ்சம் மஞ்சள் விட்டேன்.”

மூக்கடைத்த குரல். முகம் சிவந்து உப்பிக் கிடந்தது. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றார்.

பட்டறையின் வெல்டர் அவளுடைய அண்ணன்தான். தூரத்திலிருந்தே கண்ணடித்தான். “இன்னைக்குச் சனிக்கிழமை, நாலு மணிக்கே வேலை முடிஞ்சிடும் தங்கச்சி. மாப்பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அப்புறம் அண்ணனுக்குக் கும்பிடு போடுவே.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாப்பிடும்போது அண்ணன் அவர் கையில் எதையோ திணித்ததும், அவர் திரும்பி நின்று விழுங்கியதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூசிப்போனாள். தன் கட்டில் இந்தச் சிரிப்புக்கு நடுவே இழுத்துப் போடப்பட்டிருப்பதாகத் தோன்றியது.

வாயைத் திறப்பதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டப்பாக்கள் மேல் சரிந்தார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ் ஒரு சின்ன மாத்திரையுடன் வந்தாள்.

“நெஞ்சுவலிக்கு இதை நாக்குக்கு அடியில வைக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஆண்மைக்குன்னு ஏதாவது மாத்திரை போட்டாரா? ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கிடும். உயிருக்கே ஆபத்து.”

“சேச்சே,” என்று இளித்தான் அண்ணன். “எங்க மாப்பிள்ளை சிங்கம்மா. அவருக்கு அதெல்லாம் எதுக்கு?”

வியர்வையில் நனைந்து சுருண்டு கிடந்தவர் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நர்ஸிடம் இல்லை என்று தலையாட்டினார். நாக்கைத் தூக்க வாயையும் திறந்தார்.

மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

“போட்டிருக்காரு,” என்றாள். “மத்தியானம். இவன்தான் குடுத்தான். வெள்ளை நீலமாத் தெரியுதுன்னாரு. மூக்கடைப்பு, தலைவலி, முகமெல்லாம் சிவப்பு.”

அண்ணனை அவள் இவன் என்று சொன்னது அதுவே முதல் முறை.

நர்ஸ் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். “நீலமாத் தெரிஞ்சுதா? அப்ப அந்த மாத்திரைதான்,” என்று டாக்டரிடம் ஓடினாள். வேறு மருந்து ஏற்றினார்கள்.

மறுநாள் டாக்டர் பொறுமையாகவே பேசினார். “அந்த மாத்திரையில வெக்கப்பட ஒண்ணுமில்ல. நிறையப் பேர் போடுறாங்க. ஆனா இதயத்தைப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும். வெல்டர் குடுக்கக் கூடாது.” வீட்டில் வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்னக் குப்பியை அவளிடம் கொடுத்தார். “வைக்கிறதுக்கு முன்னாடி, அதைப் போட்டாரான்னு கேட்டுக்குங்கம்மா. போட்டிருந்தா இதைத் தொடாம நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க.”

டாக்டர் போனதும் கணவர் முனகினார். “மச்சான் எதிர்ல என் மானத்தை வாங்கிட்டியே.”

அவள் குப்பியைக் காட்டினாள். “நான் கேட்டா உண்மையைச் சொல்வீங்களா?”

அவர் யோசித்தார். இதற்குக்கூட யோசித்தார்.

“மச்சான் பக்கத்துல இல்லாதப்பக் கேளு,” என்றார்.

அதுவரை அவர் பிடித்திருந்த தன் கையை அவள் உருவிக்கொண்டாள். படுக்கை விரிப்பின் ஓரத்தில் அதை அழுத்தித் துடைத்தாள்.