ஐஸ் சப்பாத்துக்குள் யாருடைய கால்

ரம்ஸியாவிடம் ஒரு பழைய சப்பாத்தைக் கொடுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு பொலிஷ் அடித்திருந்தாலும் அவள் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கையை உள்ளே விட்டு, பாதம் படுகிற மட்டை இருக்கிறதே, இன்சோல், அதை நகத்தால் கிளப்பி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். அவ்வளவுதான், ஆள் கடையில் இருக்க மாட்டாள். குதிகால் எங்கே அழுந்தியிருக்கிறது, எந்த விரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தக் கால் நடந்த தெருவுக்கே போய்விடுவாள்.

மதுரங்குளியில் புத்தளம் ரோட்டோரமாக அவளுக்கும் புருசன் மஹ்ரூபுக்கும் ஒரு பழைய சப்பாத்துக் கடை. சரக்கு கொழும்பிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று எங்கெங்கோ நடந்து களைத்த சப்பாத்துகள். கழுவி, பிரிந்த இடத்தை ஒட்டி, புது இன்சோல் போட்டு விற்பார்கள். யாரோ ஒருவரின் கால் அச்சுக்கு மேல் தன் காலை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அந்த அச்சுகளை இல்லாமல் ஆக்குவதுதான் ரம்ஸியாவின் தொழில். ஆனால் அழிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அவற்றோடு ஊர் சுற்றாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

"இது பஸ் ஓட்டினவன்ட கால். வலது பக்கம் மட்டும் தேஞ்சிரிக்கி பாருங்க. மழை ஊரு. பாவம், ஊட்டுக்குப் போகவே நேரம் கிடைக்காது அவனுக்கு."

"ஓ, உனக்கு லெட்டர் போட்டவனாக்கும்" என்பான் மஹ்ரூப். "உள்ளுக்குச் சோறு கரியிது. அதயும் கொஞ்சம் படிச்சிச் சொல்லு."

மெலனி வந்தது ஒரு ஜனவரி மாதம், பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமை. வாடைக்காற்று ரோட்டுப் புழுதியைக் கடைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. வெள்ளைச் சப்பாத்துக்கு அடிபடுகிற தாய்மார், ஒற்றைக் காலில் நின்று அழுகிற பிள்ளைகள், நடுவில் வியர்த்துக் கொட்டி நிற்கிற மஹ்ரூப். அந்தச் சனத்துக்குள்ளே மாம்புரியிலிருந்து பஸ் ஏறி வந்த பதினேழு வயதுப் பெண் நுழைந்து, ஒரு பையை மேசையில் கவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று கணுக்காலுக்கு மேல் ஏறுகிற சப்பாத்து ஒரு சோடி. ஒவ்வொன்றின் அடியிலும் குதியிலிருந்து நுனி வரைக்கும் ஓர் இரும்புக் கத்தி.

"யா அல்லாஹ்! இதென்ன புள்ள, மீன் வெட்டவா?"

தாய்மார் எல்லாரும் சிரித்தார்கள். மெலனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐஸுக்கு மேல வழுக்கிப் போற சப்பாத்து ராத்தா. எங்கட அம்மா இத்தாலியில இருந்து அனுப்பினவ."

மெலனியின் அம்மா யூஜினி இத்தாலிக்குப் போய் எட்டு வருடம். சண்டை முடிந்த அடுத்த வருடம் போனாள். அப்போது மெலனிக்கு ஒன்பது வயது. முதலில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை, இப்போது ஐஸ் மண்டபம் ஒன்றில் துப்புரவு வேலை. தரை முழுக்க ஐஸாம், சனங்கள் காசு கொடுத்து அதில் வழுக்க வருவார்களாம். கடைசியில் கடதாசி எல்லாம் சரிவந்து மகளையும் கூப்பிட்டுவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை பிளேன். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் இந்த வழி மூடிவிடும் என்று ஏஜன்சிக்காரர் சொல்லியிருந்தார்.

"அப்ப சந்தோசம்தானே? ஏன் புள்ள மொகம் இப்பிடி?"

"நான் போறதெண்டு இன்னும் முடிவில்ல ராத்தா" என்றாள் மெலனி. குரலை இறக்கினாள். "இது எனக்கு நுழையுதில்ல. விரல் மடங்குது. எட்டு வருசமா ஒவ்வொரு நாளும் போன்ல கதைக்கிறா. சாப்பிட்டியா, படிச்சியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா. என்ட கால் எவ்வளவு எண்டு ஒரு நாளாவது கேட்டிருப்பாவா? என்ட காலே தெரியாத ஆள்ட வீட்டில போய் நான் என்ன செய்ய?"

"அல்லாஹ்வே!"

"அப்பாட்டச் சொல்லிட்டன். கால் சேந்தாப் போறன். சேராட்டி இல்ல. அப்பாதான் உங்களிட்டக் காட்டிப் பாக்கச் சொன்னார். முதல்ல உள்ளுக்கு இருக்கிற அந்த மட்டைய மாத்துங்க. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை போட்டுக் கழிச்சது."

ரம்ஸியாவுக்குக் கோபம் வந்தது. ஒரு சோடி சப்பாத்தை வைத்துத் தாயை எடை போடுகிற பிள்ளையும் உலகத்தில் உண்டா! தொண்ணூறாம் ஆண்டு ஊர் முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, ஏழு வயதில் வெறுங்காலோடு கற்பிட்டிக் கரையில் இறங்கியவள் அவள். உம்மாவின் சாரித் தலைப்பு கையில் இருந்தபடியால் கால் சுட்டது அன்றைக்கு அவளுக்குத் தெரியவேயில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் கீழ் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தத் தலைப்பு கையில் இல்லாமல் எட்டு வருடம் வளர்ந்த பிள்ளை அல்லவா இது.

எப்படியாவது சேர வைத்துவிட வேண்டும் என்று அவள் மனதில் பட்டது. அந்த அவசரத்தில்தான் பிழையும் நடந்தது. மற்ற நாளாக இருந்தால் முதல் வேலையாக இன்சோலை இழுத்துப் பார்த்திருப்பாள். இந்தச் சப்பாத்தோ உயரம், தோல் பலகைபோல விறைப்பு, கை உள்ளே போய் வளைய மறுத்தது. கிளப்பினால் கத்தியைப் பிடித்திருக்கிற ஆணிகள் கழன்றுவிடுமோ என்ற பயம் வேறு. விரல் நுனிக்கு ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. சரி, இதுதான் கம்பனி இன்சோல் என்று நினைத்துக்கொண்டாள். பழைய சப்பாத்து விற்கிறவர்கள் நெருக்கடி நேரத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். விரல் மடங்குவது அடி கரடாய் இருப்பதால்தான் என்று எடுத்துக்கொண்டு, பழையதற்கு மேல் பசை பூசி, நல்ல தடிப்பான பஞ்சு றப்பரை வெட்டி ஒட்டினாள். மணலில் நடந்து பழகிய சனத்துக்குக் காலுக்குக் கீழே எதுவும் மெத்தென்று இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எந்தச் சப்பாத்துக்கும் அதுதான் மருந்து.

ஒரு மணித்தியாலம் கழித்து மெலனி போட்டுப் பார்த்தாள். முன்பு விரல் மடங்கியது, இப்போது குதியே இறங்கவில்லை.

"பாத்தீங்களா ராத்தா" என்றாள். அழவில்லை. சப்பாத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "பரவாயில்ல. நான் அப்பாட்டச் சொல்லிக்கொள்றன்."

ரம்ஸியா எழுந்து பையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையின் பயணத்தை ஒரு துண்டு றப்பரால் நிறுத்திவிட்டேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இரி புள்ள. பிழை என்ட கையில. அஞ்சி நிமிசம் இரி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மஹ்ரூப் பள்ளிவாசலுக்குப் போனான், சனமும் கலைந்தது. மேசைக்கு மேல் தூசு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ரம்ஸியா கதிரையில் சாய்ந்து சப்பாத்தை மடியில் வைத்து, தட்டையான கத்தி ஒன்றைக் குதிப் பக்கத்தால் விட்டு, அவசரப்படாமல் நெம்பினாள். முதலில் அவள் ஒட்டிய பஞ்சு றப்பர் கிழிந்து வந்தது. அதன் கீழே அரை விரல் தடிப்பில் இன்னொரு றப்பர். மேல் பக்கம் வெள்ளை, கீழ்ப் பக்கம் நீலம். அதற்கும் கீழே, சப்பாத்தின் அடியோடு அடியாக, மெல்லிய தோல் இன்சோல் ஒன்று, குதியில் கம்பனி முத்திரையோடு.

"அடே! ரெண்டு இரிக்கி. இது கம்பனி போட்டது. ஒடுக்கமான கால், நீளமான விரல். நீ சொன்ன வெள்ளைக்காரப் புள்ள இதுதான். ஆனா இந்த நீலம் யாரோ கத்தரிக்கோலால வெட்டி வெச்சது."

நீல றப்பரைத் திருப்பினாள். முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் இரண்டு ஓட்டை. செருப்பு வார் கோத்த ஓட்டைகள்.

"இது றப்பர் செருப்பு புள்ள. நம்மட நாட்டுச் செருப்பு."

மெலனி அதை வாங்கிப் பார்த்தாள். நுனியில் ஒரு ரோசாப் பூ, பாதி அழிந்துபோய். "இது நான் வாங்கினது" என்றாள் மெதுவாக. "முந்தின வருச நத்தார்ப் பெருநாளுக்கு. அங்கத்தச் செருப்பு சரியில்லையெண்டு அம்மா கேட்டவ. கருவாட்டுப் பார்சலோட நான்தான் வெச்சு அனுப்பினன்."

ரம்ஸியா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். வழக்கம்போல் கண் பாதி மூடியது. சின்னக் கால். பெருவிரல் விலகி நிற்கிறது, சின்ன வயதிலிருந்து செருப்பு வார் பிடித்த கால். விரல் அச்சுகளுக்கு முன்னால் இரண்டு விரற்கடை றப்பர் சும்மா கிடக்கிறது. அவ்வளவுக்குச் சப்பாத்து அவளுக்குப் பெரிசு. அதனால்தான் உள்ளே அடைத்திருக்கிறாள். ஐஸ் என்றால் ரம்ஸியாவுக்கு மீன் பெட்டிக்குள் நொறுக்கிப் போடுகிற ஐஸ் மட்டும்தான் தெரியும். இப்போது அது ஒரு பெரிய வெள்ளைத் தரையாக விரிந்துகொண்டே போனது. சனமெல்லாம் போய்விட்ட மண்டபம். ஓரத்தில் வாளியும் துடைப்பமும் சுவரில் சாய்ந்திருக்கின்றன. மாம்புரிப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் காலுக்குப் பொருந்தாத சப்பாத்தில் ஓரடி வைக்கிறாள், பிறகு இன்னோரடி. விழப் பார்த்து, தானே சிரித்துக்கொள்கிறாள். ரம்ஸியாவின் உள்ளங்கால்கூடக் குளிர்ந்தது.

"ஒங்கட உம்மா இதப் போட்டு நடந்திரிக்கா" என்றாள் கண் திறக்காமலே. "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல புள்ள. இவ்வளவு ஆழமாப் பதியிறதுக்கு மாசக்கணக்கா நடந்திரிக்கோணும்."

மெலனி கையை நீட்டி அந்த நீலத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ரம்ஸியா கம்பனி இன்சோலை மெல்லிய தோலில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெட்டினாள். ஓரத்தைச் சீவி, இந்தத் தடவை பசையே பூசாமல் சும்மா உள்ளே இறக்கினாள், நனைந்தால் எடுத்துக் காயவைக்கலாம் என்று. மற்றச் சப்பாத்துக்கும் அப்படியே. கத்தி சீமெந்தில் படாமல் நிலத்தில் றப்பர் ஷீட் ஒன்றை விரித்தாள்.

"நான் பிஸ்மில்லா சொல்லிக்கிறன். நீ ஒங்கட மாதாவக் கும்பிட்டுக் கால வெய்."

கால் உள்ளே போனது. குதி இறங்கி உட்கார்ந்தது. விரல்கள் நீட்டிக்கொண்டன. தோல் கணுக்கால் பக்கத்தில் மடிந்து கொடுத்தது. யாரோ முன்கூட்டியே மடித்துப் பழக்கிவிட்ட தோல் அது. மெலனி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"சேருது ராத்தா. அளவெடுத்துத் தெச்ச மாதிரி."

"ஓம், அப்ப யாரு அளவெடுத்தது? உம்மாட்டயே கேளு."

இத்தாலியில் காலை நேரம். மெலனி வீடியோவில் கூப்பிட்டாள்; அந்தப் பக்கம் போன் இரண்டு தரம் அடித்தது. யூஜினியின் முகம் வந்தது, தலையில் துணி கட்டியபடி.

"அம்மா, இந்தச் சப்பாத்த நீங்க போட்டீங்களா?"

"யார் சொன்னது?"

"உங்கட செருப்பு உள்ளுக்கு இருந்துது."

"அய்யோ, அத எடுக்காமலா அனுப்பிட்டன்!" யூஜினி தலையில் கை வைத்தாள். "கால் நொந்துதா மகள்? தோல் சரியான விறைப்பு. இங்க புதுசா வாற பிள்ளைகள் முதல் நாளே குதி வெடிச்சு அழுவாங்க. பாக்க ஏலாது. அதான் வேலை முடிய ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் போட்டு நடந்தன், உனக்குக் கடிக்கக் கூடாதெண்டு. எனக்கெண்டா கழண்டு கழண்டு போச்சு. செருப்ப வெட்டி வெச்சன்."

"இப்ப சரியா இருக்கு" என்றாள் மெலனி. "என்ட கால் எவ்வளவெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டா நீ எரிஞ்சு விழுவாய்." யூஜினி சிரித்தாள். "அப்பா போனை உன்ட முகத்துக்கு நேர பிடிப்பார்தானே. கதைச்சு முடிச்சு வைக்கிற நேரம் கை கீழ பதியும், வாசல் தெரியும். அப்பாட செருப்புக்குப் பக்கத்தில உன்ட செருப்பு கிடக்கும். அப்பாட கால் எட்டாம் நம்பர், அது எனக்குத் தெரியும். அதோட வெச்சு வெச்சுப் பாப்பன். ஒவ்வொரு வருசமும் கிட்டக் கிட்ட வந்துது." தலைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "முந்தின வருசத்தோட வளர்றது நிண்டிட்டுது மகள். அதுக்குப் பிறகுதான் வாங்கினன்."

ரம்ஸியா சட்டென்று திரும்பி, அடுக்கி வைத்திருந்த சப்பாத்துகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். மூக்கைச் சாரித் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

மெலனி ஐஸ் சப்பாத்தோடு அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை பிளேன் எத்தின மணிக்கு வருமெண்டு தெரியும்தானே?" என்றாள். "பிந்திராதீங்க. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது."