‘மாட்டேன்’ என்ற பொத்தான்

மூட்டைப்பூச்சி வேலைக்கு வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவருக்கு அரிக்கத் தொடங்கும். அந்த அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயர் வாங்கியவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். அங்கே செய்கிற கணினி ஆட்டம் வெளியே போவதற்குமுன் அதை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எங்கே தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று பிழைப் பட்டியலில் எழுதவேண்டும். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டு வருகிறவள். முகதாட்சண்யம் பார்க்க அவளுக்கு நேரம் கிடையாது. அன்று காலை அவள் எழுதிய பிழை எண் முந்நூற்றுப் பதினொன்று ஒரே வரிதான்: “மாட்டேன் என்று சொன்னால் கேட்பதில்லை.”

கதைக்காரி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அலுவலகமே அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடும்; அந்த ஆட்டத்தின் கதை முழுவதும் அவள் எழுதியது. ஆட்டம் என்றால் சுடுவதும் ஓடுவதும் இல்லை. திரையில் கதை வரும், படம் வரும், நடுநடுவே ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று ஆடுகிறவரைக் கேட்கும். அவர் எந்தப் பொத்தானைத் தொடுகிறாரோ அந்தப் பக்கம் கதை திரும்பும்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு துறைமுக ஊர். நீதிமன்றத்தில் வாக்குமூலங்களைப் பிரதி எடுக்கிற ஒருத்தி, கொலை வழக்கொன்றில் இரண்டு சாட்சிகள் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி பேசியிருப்பதைப் பார்த்துவிடுகிறாள். சிறைக்குப் போனது அவளுடைய அண்ணன். அவளும் ஒரு இன்ஸ்பெக்டரும் சேர்ந்து துப்புத் துலக்குகிறார்கள். துலக்கும்போதே ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை வந்துவிடுகிறது. கடைசியில் பார்த்தால், மூன்றாவது சாட்சியின் வாக்குமூலத்தை மறைத்தவனே அந்த இன்ஸ்பெக்டர்தான். அவள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். திரையில் இரண்டு பொத்தான்கள் வருகின்றன. ஒன்று ‘மன்னிக்கிறேன்’, இன்னொன்று ‘மாட்டேன்’.

‘மாட்டேன்’ என்பதற்குப் பின்னால் நாற்பத்திரண்டு காட்சிகள் இருந்தன. எட்டு மாத உழைப்பு. பிரதி எடுக்கிறவள் தனியாகக் கிளம்பி, மறைக்கப்பட்ட சாட்சியைத் தேடிப் பிடித்து, மேல் நீதிமன்றத்தில் நின்று, அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வருகிற கதை. கதைக்காரி தன் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவாள். மன்னிக்கிற பக்கம் அவளுக்குச் சப்பென்றுதான் இருந்தது. முதலாளி கேட்டார் என்று எழுதிக் கொடுத்தாள்.

“என்னடி இது, ஜோக்கா?” என்றாள் மூட்டைப்பூச்சியிடம்.

“நான் எதுக்கு ஜோக்கடிக்கப் போறேன்? நீயே பாரு.” மூட்டைப்பூச்சி தன் திரையைத் திருப்பினாள். இன்ஸ்பெக்டர் மண்டியிட்டிருந்தான். அவள் ‘மாட்டேன்’ என்பதைத் தொட்டாள்.

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: ‘அவள் கொஞ்சம் யோசித்தாள்.’ அடுத்த படத்தில் கல்யாணம்.

“நாலு தடவ தொட்டேன். நாலு தடவையும் கட்டி வெச்சிட்டாங்க,” என்றாள் மூட்டைப்பூச்சி. “நல்லா இருக்கே உன் கதைன்னு நினைச்சேன். அந்த மனுஷன் மூஞ்சியும் அவனும்!”

கதைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இந்த வரி நான் எழுதல.”

“அப்ப யாரு எழுதினா?”

யார் என்பது பதில் தேவைப்படாத கேள்வி. காட்சிக்கும் காட்சிக்கும் இணைப்புப் போடுகிறவன் அங்கே ஒருவன்தான். அதனாலேயே அவன் பெயர் முடிச்சு.

இந்தத் தொழிலில் பொம்மைக் கதவு என்று ஒன்று உண்டு. ‘ஜன்னலைத் திறக்கிறாயா, கதவைத் திறக்கிறாயா?’ என்று கேட்கவேண்டியது. எதைத் தொட்டாலும் ஒரே அறைக்குள் கொண்டுபோய் விடவேண்டியது. ஆடுகிறவருக்குத் தான் முடிவெடுத்த திருப்தி, எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். எல்லோரும் வைப்பார்கள். கதைக்காரியும் வைத்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முடிச்சுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஆனால் சின்ன விஷயங்களுக்கு வைப்பது அது. ஒருத்தி வயிறெரிந்து மாட்டேன் என்று சொல்கிற இடத்திலா கொண்டுபோய் வைப்பார்கள்?

அதைவிட அவளைக் குடைந்தது இன்னொன்று. மூன்று மாதமாக அவள் அந்த நாற்பத்திரண்டு காட்சிகளையும் தினமும் திறந்து திருத்திக்கொண்டிருந்தாள். காற்புள்ளி மாற்றினாள், வசனம் மாற்றினாள், ஓவியரிடம் சண்டை போட்டு நீதிமன்றப் படிக்கட்டை மறுபடி வரைய வைத்தாள். ஒவ்வொரு தடவையும் காட்சி எண்ணைத் தட்டி நேராக உள்ளே குதித்தாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முதலிலிருந்து ஆட யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆடுகிறவர்கள் வருகிற வாசல் வழியாக அவள் வந்திருந்தால் அங்கே சுவர் எழுப்பியிருப்பது தெரிந்திருக்கும். தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் அவள் முடிச்சின் மேஜைக்குப் போனாள்.

முடிச்சு அவளுக்கு வெறும் உடன்வேலை செய்கிறவன் இல்லை. மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே பேருந்தில் போய், அலுவலகமே ‘எப்ப கல்யாணம்?’ என்று கேட்டு அலுத்துப்போன ஜோடி. பதினேழு நாளைக்கு முன்னால், மாடிப்படியில் நின்றுகொண்டு அவனும் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். அந்த வாரம்தான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. வேறொரு நிறுவனம் அவளை எழுதக் கூப்பிட்டு அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. அவன் அவளிடம் மூச்சுவிடாமல், ‘அவர் இப்போது வருகிற நிலையில் இல்லை’ என்று அவனே பதில் போட்டிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, “நமக்காகத்தான்” என்றான். வாக்குமூலத்தை மறைக்கிற இன்ஸ்பெக்டரை அவள் அதற்கு ஒரு வருடம் முன்பே எழுதி முடித்துவிட்டாள். எழுதும்போது தெரியாது, அவன் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருக்கிறான் என்று.

“மாட்டேன்கறதை எங்கடா கொண்டுபோய்ச் சேர்த்திருக்க?” என்றாள். நல்லவேளை, முதலாளி அறையில் இல்லை.

முடிச்சு நிமிர்ந்து பார்த்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காரும்மா. சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்ப? ஆட்டம் இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய போகுது. அதுக்கப்புறமா?”

“கத்தாத. ஆடிப் பார்க்க இருபது பேரைக் கூப்பிட்டோமே, அதுல பதினாலு பேர் மன்னிக்கிறேன்னுதான் தொட்டாங்க. காதல் கதைன்னு வாங்கறவங்களுக்குக் காதல் முடியற மாதிரி காட்டினா கடுப்பாகும். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“மிச்சம் ஆறு பேர்?”

“ஆறு பேர்தானே.”

“ஆறு பேர்தானேவா! அந்த ஆறு பேர்கிட்ட என்னன்னு கேட்டுட்டு, அவங்க சொன்னதைக் காதுலயே போட்டுக்காம, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் கட்டி வெப்பியா? அப்புறம் எதுக்கு அங்க ஒரு பொத்தான்? அழகுக்கா?”

“உன் காட்சி எதையும் நான் அழிக்கலையே. எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு.”

“வழியே இல்லாத வீட்டுல யாருடா குடியிருப்பா?”

அவன் சிரிக்கப் பார்த்தான். கோபமாக இருக்கிறவளைச் சமாதானப்படுத்த அவனிடம் ஒரு சிரிப்பு உண்டு. மூன்று வருடமாக வேலை செய்த சிரிப்பு. அன்று அது அவளுக்கு எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. அப்பா.

வேலை நேரத்தில் அப்பா கூப்பிடவே மாட்டார். யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு எடுத்தாள்.

“ஒண்ணுமில்லம்மா, சந்தோஷமான விஷயம்தான்,” என்றார் அப்பா. “அந்தத் தம்பியோட தங்கச்சி கூப்பிட்டுச்சு. கல்யாண மண்டபத்துல தேதி வாங்கிட்டாங்களாமே? அடுத்த மாசம் இருபதாம்தேதி. நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“என்னப்பா சொல்றீங்க?”

“தம்பி போன வாரமே பேசினாரே. ‘கேட்டிருக்கேன், அவ கொஞ்சம் யோசிக்கறா’ன்னு சொன்னார். சரி, யோசிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். யோசிச்சு முடிச்சாச்சா?”

கதைக்காரி முடிச்சைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அதே வரி. வேறு வார்த்தை தேடாமல் அதே வரியை ஆட்டத்திலும் போட்டு அப்பாவிடமும் சொல்லியிருக்கிறான். இரண்டு சாட்சிகள் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி பேசினால் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன்தான் என்று, அவளேதான் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. வந்தால் அதையும் ‘யோசிக்கிறாள்’ என்று இவன் எழுதிக்கொள்வான் என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

“நான் திரும்பக் கூப்பிடறேன்ப்பா. எங்கயும் போயிடாதீங்க.”

போனை மேஜைமேல் வைத்தாள். “கட்டு,” என்றாள்.

“என்னது?”

“மாட்டேன்கறதை நான் எழுதின காட்சியோட கட்டு. இப்பவே.”

“இப்ப போய்க் கைவெச்சா ஏதாவது புட்டுக்கும்மா. ஆறு மணிக்கு யார் பதில் சொல்றது? முதல்ல வெளிய போகட்டும், அப்புறம் பொறுமையா—”

“நான் ஆடித் தர்றேன்,” என்றாள் மூட்டைப்பூச்சி பின்னாலிருந்து. அவள் எப்போது வந்து நின்றாள் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. “நாப்பத்திரண்டு காட்சிதானே? சாப்பாட்டை டேபிள்லயே முடிச்சிக்கறேன். புள்ளைங்களைக் கூட்டிட்டு வர எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன். பிழையை நான் எழுதியாச்சு. சரி பண்ணாம வெளிய அனுப்பினா பட்டியல் முதலாளிகிட்டதான் போகும். யோசிச்சுக்கோ.”

முடிச்சு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். வேலை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, காட்சி எண்ணை மாற்றி எழுதினான். எட்டு மாதத்தை மூடி வைத்திருந்தது அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது அவளுக்கு அவன் கையைத் தட்டிவிடவேண்டும் போல வெறி வந்தது.

“இப்ப தொடு,” என்றாள்.

“மூட்டைப்பூச்சிதான் ஆடறேன்னு—”

“அவ அப்புறம் ஆடுவா. முதல்ல நீ தொடு. நான் பார்க்கணும்.”

அவன் தொட்டான். திரை கறுக்கவில்லை. பிரதி எடுக்கிறவள் இன்ஸ்பெக்டரைத் தாண்டி நடந்து, மேஜையிலிருந்த தன் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கினாள். அடுத்த காட்சியில் சாட்சியின் ஊருக்குப் போகிற படகு. அதற்கடுத்ததில் அந்தச் சாட்சி கதவைத் திறக்க மறுக்கிறாள். வாசலிலேயே உட்கார்ந்து காத்திருப்பதா, திரும்பிப் போவதா என்று ஆட்டம் கேட்கிறது. முடிச்சு ‘காத்திருப்பேன்’ என்பதைத் தொட்டான். யாரும் சொல்லாமலே அடுத்ததையும் தொட்டான். அந்தக் காட்சிகளுக்கு எண் போட்டவன் அவன்தான். படிப்பது இதுதான் முதல் தடவை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. ஏழெட்டுக் காட்சி போயிருக்கும்.

“இன்ஸ்பெக்டர் என்ன ஆனான்?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“நீதானே எழுதின?”

“கதை அவளோடது. அவன் என்ன ஆனான்னு நான் எதுக்கு எழுதணும்?”

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “அப்ப அன்னிக்கு மாடிப்படில சொன்னது...” என்று இழுத்தான். “கோவத்துல சொல்றேன்னு நினைச்சேன்மா. கொஞ்ச நாள் போனா நீயே—”

“கோவத்துலதான் சொன்னேன். கோவத்துல சொன்னா அது மாட்டேன் இல்லையா? சிரிச்சிக்கிட்டே சொல்லியிருந்தா விளையாட்டுன்னு சொல்லியிருப்ப. அழுதுக்கிட்டே சொல்லியிருந்தா பாவம்னு சொல்லியிருப்ப. நான் எப்படிச் சொன்னாதான்டா உனக்குக் கேக்கும்?”

பக்கத்து அறையில் பேச்சு நின்றுபோனது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். போனை எடுத்து, அங்கேயே நின்றபடி அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அப்பா, நான் யோசிக்கல. மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“என்னம்மா சொல்ற? எப்ப சொன்ன?”

“பதினேழு நாள் ஆச்சு.”

“பதினேழு நாளா!” அப்பாவின் குரல் ஏறியது. “அவங்க தேதி வாங்கற வரைக்கும் போயிருக்காங்க, நீ என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“அவன் பேசினதுலேருந்து இந்த ஒரு வாரமா நீங்க தினமும் ராத்திரி என்கூடப் பேசினீங்கப்பா. சாப்பிட்டியான்னு கேட்டீங்க, மழையான்னு கேட்டீங்க. இதை மட்டும் அவன்கிட்ட கேட்டுட்டு விட்டுட்டீங்க. என்கிட்ட நீங்க கேக்கவே இல்ல.”

இதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. முடிச்சுக்கு முன்னால் உடையக்கூடாது என்று அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது, அப்பாவிடம் போய் உடைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ சமாதானம் சொல்லப்போகிறார், பெரியவர்கள் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“தப்புதான்,” என்றார் அப்பா. “இப்ப கேக்கறேன். உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா? சொல்லும்மா.”

“வேணாம்ப்பா.”

“சரி. அந்தத் தம்பிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“வேண்டியதில்லப்பா,” என்றாள் கதைக்காரி. “பக்கத்துலதான் உக்காந்திருக்கான். இந்தத் தடவ அவனுக்குக் கேட்டுருச்சு.”