முன்பக்கம் இலேசான வண்டி

ஹார்லனும் அவன் மனைவி மார்லிஸும் அயோவாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மோட்டார்ஹோமுக்குக் குடிபோனவர்கள். பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. குளிருக்கு அரிசோனா, கோடைக்கு வடக்கே மலைப்பக்கம். எங்களைப் போல வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் எல்லாருக்கும் இதுதான் பிழைப்பு. அரிசோனா முகாமில் அவர்கள் வண்டி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால் நடந்ததை இரண்டு பேர் வாயாலும் கேட்டிருக்கிறேன்.

அந்த வண்டி ஒருநாளும் நேராக ஓடியதில்லை. காற்றடித்தால் வலது ஓரத்துக்குப் போகும். லாரி கடந்து போனால் முதலில் விலகும், பிறகு லாரி பக்கமே இழுக்கும். ஹார்லன் நாளெல்லாம் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் தோள் கழன்றுவிடும்போல வலிக்கும். வண்டிக்கு வைத்தியம் சொல்ல ஒவ்வொரு முகாமிலும் ஒருவர் இருப்பார் அல்லவா? ஒருவர் ஸ்டியரிங்குக்கு ஆட்டத்தை அடக்கும் டேம்பர் போடச் சொன்னார், போட்டான். இன்னொருவர் பின்பக்கம் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி மாட்டச் சொன்னார், மாட்டினான். வண்டி கொஞ்சம் திருந்தியதாகத் தோன்றும். அடுத்த காற்றுக்குப் பழையபடி ஆகிவிடும்.

அந்தக் கோடையில் வயோமிங்கில் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். எல்க் மலை தாண்டும் இடத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும்.

"பின்னால லாரி வருது" என்றாள் மார்லிஸ்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"கண்ணு இருக்கு. கைதான் சரியா இருக்கான்னு கேக்குறேன்."

லாரி பக்கத்தில் வந்த அதே நொடியில் காற்றும் ஓங்கி அடித்தது. வண்டியின் வலப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கிச் சரளையில் ஓடின. அலமாரி திறந்து தட்டுகள் விழுந்து நொறுங்கின. ஹார்லன் பிரேக்கைத் தொடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, வண்டியை மறுபடி தாருக்கு ஏற்றினான். அடுத்து வந்த ஓய்விடத்தில் ஒதுங்கி என்ஜினை அணைத்தான். ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன, இறங்கலையா?"

"விரல் விரிய மாட்டேங்குது, மார்லிஸ்."

அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தனவாம்.

"என்னால முடியல" என்றான். வாழ்நாள் முழுக்கத் தானிய லாரி ஓட்டியவன். அந்த வார்த்தையை அவன் வாயால் அவள் கேட்டதே இல்லை.

"இன்னிக்கா?"

"போன வருஷத்துலேருந்தே."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"உனக்கு இந்த ஊர் சுத்தல் பிடிச்சிருக்கு. நான் முடியலைன்னா எங்க போறது? வீட்டையும் வித்தாச்சு."

மார்லிஸ் குனிந்து உடைந்த தட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள். "அட கிறுக்கா! இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சு என் முட்டியே போச்சு. உனக்குப் பிடிச்சிருக்கேன்னுதான் நானும் பல்லக் கடிச்சிட்டு வந்தேன்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். சிரிக்கக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

"தள்ளிக்க. நான் ஓட்டுறேன்" என்றாள்.

காலி மைதானங்களில் தவிர அவள் அதை ஓட்டியதில்லை. நெடுஞ்சாலையில் ஏறிய உடனே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தேவைக்கு மேல் வளைந்து ஓடியது.

"எண்ணெ தடவின பன்னியப் பிடிக்கிற மாதிரி இருக்கு. இதையா இவ்வளவு நாளா ஓட்டுன?"

"இதைத்தான்."

இத்தனை வருஷம் பக்கத்து இருக்கையிலிருந்து அவனைத் திட்டியதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ராலின்ஸ் ஊரில் ஒரு பட்டறை முன் நிறுத்தினாள்.

பட்டறைக்காரி டோரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எடைப்பலகை வைத்துப் பார்த்தாள். "முன்சக்கரம் தரையில சரியா ஊனவே இல்லைங்க. எல்லா பாரமும் பின்னால. பின்னால சாமான் கூண்டுல என்ன வச்சிருக்கீங்க?"

மார்லிஸ் போய்க் கதவைத் திறந்தாள். சக்கரத்தில் மாட்டும் பனிச்சங்கிலிகள், ஜாக்கிகள், பழைய பேட்டரிகள், எண்ணெய் டின்கள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பெரிய பட்டறைப் பிடி, நெஞ்சு உயரத்துக்கு வேகவைத்த அவரை அடைத்த டப்பாக்கள்.

"என்னய்யா இது, யுத்தம் வருதா?"

"வழியில நின்னுட்டா என்ன பண்றதுன்னுதான்…" என்றான் ஹார்லன். பட்டறைக்கு வெளியே போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

பின்சக்கரங்களுக்கும் அப்பால் அவ்வளவு பாரம் தொங்கியதால் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு முன் டயர்களில் காற்றும் அளவுக்கு மீறி இருந்தது. பேட்டரிகளையும் இரும்பையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். டப்பாக்களில் பாதி ஊர் தேவாலயத்துக்குப் போனது. மீதியை நடுக்கூண்டுக்கு மாற்றினார்கள். டோரின் காற்றை எடைக்கு ஏற்றபடி குறைத்தாள், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தாள். அவன் மாட்டிய டேம்பரையும் கம்பியையும் பார்த்து, "இதுங்க இருந்துட்டுப் போகட்டும், நல்லதுதான்" என்றாள்.

மறுநாள் அதே காற்று. ஹார்லன்தான் ஓட்டினான். லாரி ஒன்று கடந்து போனது. வண்டி இலேசாகச் சாய்ந்து, தானாகவே நேருக்கு வந்தது. அவன் இரண்டு விரல்களால் பிடித்திருந்தான். மார்லிஸ் அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வரவில்லை. சிறிது தூரத்தில் வண்டியை ஒதுக்கினான்.

"என்ன, மறுபடியும் இழுக்குதா?"

"இல்ல. நல்லா ஓடுது. இவ்வளவு நல்லா இது ஓடினதே இல்ல." ஜன்னல் வழியே புல்வெளியைப் பார்த்தான். "ஆனா எனக்கு ஓட்டினது போதும், மார்லிஸ். வண்டி சரியாயிடுச்சு. நான் ஆகல."

"வித்துடலாமா?"

"உனக்கு நேத்து எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு." யோசித்தாள். "ஆனா பக்கத்துல உக்காந்து பயப்படறதுக்கு அது எவ்வளவோ தேவல."

இடம் மாறினார்கள். ராக் ஸ்பிரிங்ஸ் வருவதற்குள் அவன் வாயைப் பிளந்து தூங்கிவிட்டான். பகலில், ஓடும் வண்டியில் அவன் தூங்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். எழுப்பவில்லை, பெட்ரோல் போட நிறுத்தியபோதும்.

இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். மதியத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, காற்று பலமாக இருந்தால் கிளம்புவதும் இல்லை. போன குளிருக்கு எங்களைவிடத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஹார்லன் இறங்கித் தண்ணீர்க்குழாயை மாட்டினான். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றான். "ஆனா இப்ப அது என் தோள் மட்டுந்தான். வண்டிய அது சுமக்கல."