மூன்றாம் வளைவில் ஓர் இடம்

“வெர்னா” என்று பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டபோது அவளுடைய வலது கால் ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. காலை எடுக்க முடியாத நேரம். முன்னால் கார்ப் பந்தயத் திடலின் கேட். கேட்டருகே பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காவலாள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் துடைத்துக் கொடியை ஆட்டியதும் புறப்பட வேண்டும். அவளுக்குப் பின்னால் நெடுஞ்சாலை வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

“என்னப்பா?” என்று தலையைத் திருப்பாமலே கத்தினாள். அவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அந்த வண்டியில் எஞ்சின் பின்பக்கம், அப்பாவின் கட்டிலுக்கு நேர் அடியில் இருந்தது. அவள் மிதிக்க மிதிக்க அங்கேதான் அது கர்ஜித்தது.

“தண்ணி கைக்கெட்டுற மாதிரிதான் வச்சிருக்கேன். படுத்திருங்க. கேட்டைத் தெறக்கப் போறாங்க.”

அது அறுபத்திரண்டாம் வருஷத்துப் பேருந்து. மெம்ஃபிஸுக்கும் பர்மிங்காமுக்கும் ஆள் ஏற்றி ஓய்ந்துபோனதை அப்பா ஆர்லிஸ் வாங்கி, பின்னாலிருந்த இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து, அடுப்பும் கட்டிலும் வைத்து வீடாக்கினார். வெர்னா நடக்கப் பழகியதே அதற்குள்தான். வருஷத்துக்கு இரண்டு பந்தயம். இரண்டுக்கும் ஓடுதளத்தின் மூன்றாம் வளைவின் உள்பக்கம், வேலியை ஒட்டி அதே இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்கிப் பார்ப்பார்கள். அதற்கு முன்பதிவு எதுவும் கிடையாது. வரிசையில் முதலில் நிற்பவனுக்கு இடம். கொடி ஆடியதும் எவன் வண்டி நகரவில்லையோ அவனைத் தாண்டிப் போய்விடலாம், சொந்த அண்ணனாக இருந்தாலும் சரி. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்பாவே ஒரு வருஷம், எஞ்சின் கிளம்பாமல் தவித்த, வருஷா வருஷம் வரிசையில் நிற்கும் ஓடெல் என்பவரின் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடத்தைப் பிடித்தார். தாண்டும்போது ஹாரன் வேறு அடித்தார். அந்த ஓடெல்தான் இன்றைக்கு வெர்னாவுக்கு நேர் பின்னால் நின்றார்.

அப்பாவின் இதயத்தில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். “எந்த வீடுன்னு அவங்க சொல்லலியே” என்றார் அப்பா. அதற்கு மேல் வெர்னாவால் வாதாட முடியவில்லை. வாதாட ஆசையும் இல்லை. அவளுக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. கடைசித் தடவையாக அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர ஒரு மாதமாக அவள் மனதில் வேறெதுவும் இல்லை.

குளிர்காலம் முழுக்க வண்டி வேலையை அவள்தான் செய்தாள். அப்பா நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து குறை சொல்வார். “அந்தக் காத்துக் கசிவை மொதல்ல பாரு” என்று பல தடவை சொன்னார். பின் சக்கரத்துக்கு மேலே ஒரு வால்வு கசிந்தது. அவள் அதை விட்டுவிட்டு வெளிப்பக்கம் முழுவதும் தேய்த்துப் புதுச் சாயம் அடித்தாள். சாயம் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும், வரிசையில் நாலு பேர் பார்ப்பார்கள். கசிவு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? பந்தயம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த வண்டிக்கு எல்லாமே காற்றுதான். காற்று குறைந்தால் பிரேக் விடாது, வண்டி அடிவயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாக ஓடினால்தான் காற்று ஏறும். அதனால்தான் இப்போது மிதியிலிருந்து காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தளர்த்தினாலும் காற்றழுத்த முள் சரசரவென்று இறங்கி எச்சரிக்கை மணி அலறியது.

“வெர்னா” என்று இரண்டாம் தடவை கூப்பிட்டார். இந்தக் குரலில் அவசரமில்லை. சின்ன வயதில் ஸ்பானர் எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுவாரே, அந்த மாதிரி.

“எடத்தப் பிடிச்சிட்டு வந்துர்றேன்ப்பா. அஞ்சே நிமிஷம்.”

காவலாள் சாண்ட்விச் சுற்றிய காகிதத்தைக் கசக்கிப் போட்டான். கொடியை ஆட்டினான்.

வெர்னா பிரேக்கை விடுவித்தாள். வண்டி அசையவில்லை. முள் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. உள்ளங்கால் வலிக்க மிதித்தாள். பக்கக் கண்ணாடியில் ஓடெலைப் பார்த்தாள். இடதுபக்கம் தாராளமாக வழியிருந்தது. ஒரு ஒடி ஒடித்தால் போதும், இத்தனை வருஷக் கணக்கும் தீர்ந்துவிடும். அவரோ இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டு வானத்தில் ஏதோ பறவையைத் தேடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. கிழவருக்கு என்ன, தூக்கமா என்று நினைத்தாள். அதற்குள் முள் ஏறியது, வண்டி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நகர்ந்தது.

ஓடுதளத்துக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் இறங்கி, மேலேறி, புல்தரையைக் குறுக்கே கடந்து வேலியோரம் போய் நிறுத்தினாள். அதே இடம். இறங்கிச் சக்கரங்களுக்குக் கட்டைகள் வைத்தாள். மேஜையில் உருளைக்கிழங்கை வைத்தால் உருளக் கூடாது என்பார் அப்பா. வலது முன்சக்கரத்துக்குக் கீழே இன்னொரு பலகை செருகினாள். முன்கூரையை விரித்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எல்லாம் முடித்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தபடி உள்ளே போனாள்.

“அப்பா, கெடச்சிருச்சு.”

ஆர்லிஸ் படுத்திருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அலமாரிக் கதவில் தோளைச் சாய்த்திருந்தார். பந்தயத்துக்கு மட்டும் போடும் சிவப்புச் சட்டையின் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். தொப்பி தலையில் இருந்தது. இடது காலில் ஷூ. வலது கால் ஷூ மடியில் கிடந்தது, நாடா தளர்த்தப்பட்டு, காலை நுழைக்கத் தயாராக. கை அதன்மேல் இருந்தது. வெர்னா அந்தக் கையைத் தொட்டாள். பிறகு கழுத்தைத் தொட்டாள்.

எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போது புரிந்தது. தண்ணீருக்கும் இல்லை, வலிக்கும் இல்லை. முன்னால் வந்து ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உள்ளே நுழைவதைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது. அவளோ படுத்திருங்க என்றாள். ஒரு ஷூவை மாட்டுவதற்கு அவர் எவ்வளவு மூச்சுப் பிடித்திருப்பார் என்று நினைத்தபோது வெர்னாவுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. உயிர் கேட்டுக்கு வெளியே போனதா, சுரங்கத்தில் போனதா, அவள் உருளைக்கிழங்குக் கணக்குப் பார்த்து வண்டியைச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது போனதா, எதுவும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள்.

ஓடெலும் அவர் மனைவி ஜூனெட்டும் ஒரு தட்டில் சுட்ட விலாக்கறியோடு வந்தார்கள். ஓடெல் வாசலில் நின்றே, புதுச் சாயம் அடித்தால் போதுமா, வண்டி நகர வேண்டாமா, இதைக் கேட்க ஆர்லிஸை வெளியே வரச் சொல் என்று வம்புக்கு இழுத்தார். ஜூனெட்தான் முதலில் ஏறிப் பார்த்தாள். அவள் கறித்தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெர்னாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து அப்பாவின் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அந்த இன்னொரு ஷூவை வெர்னா மாட்டினாள்.

திடலின் ஆம்புலன்ஸ் வந்தது. செவிலி பார்த்து நேரம் குறித்துக்கொண்டாள். தள்ளுகட்டில் உள்ளே நுழையவில்லை. குளியலறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் வழி. போர்வையில் தூக்கிக்கொள்கிறோம் என்று ஓடெல் சொல்லி, ஆள் கூட்டிவரப் போனார். வெர்னா பின்னாலேயே இறங்கிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ்டர் ஓடெல், ஒண்ணு கேக்கணும். நான் அங்க எஞ்சினை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருந்தா, நீங்க என்னைத் தாண்டிப் போயிருப்பீங்களா?”

ஓடெல் தொப்பியைக் கழற்றினார். உள்ளே எதையோ பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“போயிருப்பேன்” என்றார். “கண்ண மூடிக்கிட்டுப் போயிருப்பேன். உங்கப்பன் எனக்குப் பண்ணுனத மறந்துட்டேன்னு நெனச்சியா? நீ எந்திரிக்காம இருந்ததுதான் சரி.”

“நெசமாவா?”

“எனக்கு எதுக்கும்மா பொய்?”

வழியிருந்தும் தாண்டாமல் நின்ற அவருடைய வண்டி அவள் கண்ணுக்குள் இருந்தது. ஸ்டியரிங் மேல் கிடந்த இரண்டு கைகளும். அவளுக்காகத்தான் சொல்கிறார் என்பது தெரிந்தது, அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். ஓடெல் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆள் கூப்பிடப் போனார்.

நாலு பேர் வந்தார்கள். எல்லாருமே அந்த இடத்தின்மேல் வருஷக்கணக்காகக் கண் வைத்திருந்தவர்கள். போர்வையின் நுனிகளைச் சுருட்டிப் பிடித்து, இடுக்கில் ஒருக்களித்து, அடுப்பைத் தாண்டி முன்பக்கம் கொண்டுவந்தார்கள். முன்வாசல் படி செங்குத்தாக இறங்கித் திரும்பும். அங்கே எல்லாரும் ஒரேயடியாக இறங்க முடியாது. இரண்டு பேர் கீழே போய்ப் பிடித்தால்தான் ஆகும். அதுவரைக்கும் இறக்கி வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அப்பாவை உட்கார்த்தினார்கள். ஓடெல் பின்னாலிருந்து தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

நிற்க இடமில்லாமல் வெர்னா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

முன்கண்ணாடி முழுக்க மூன்றாம் வளைவு. சாய்ந்த தார்ச்சாலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நாளைக்குத்தான் கார்கள் வரும். இப்போது ஓடுதளத்தைப் பெருக்கும் லாரி ஒன்று மட்டும் தூரிகையைச் சுழற்றிக்கொண்டு வளைவில் ஏறி, அவர்கள் முன்னால் மெதுவாகத் தவழ்ந்து போய், நாலாம் வளைவுக்குள் மறைந்தது.

கீழே இறங்கிய இருவரும் கைகளை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஆம்புலன்ஸ்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“தூக்கலாமாம்மா?” என்று ஓடெல் கேட்டார்.

“இருங்க” என்றாள் வெர்னா. “அந்த லாரி இன்னொரு சுத்து வரட்டும்.”