காரணம் சொன்னால் இரண்டு மடங்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான். ஒன்று, அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும். இரண்டு, செய்யாமல் விட்டால் அந்த வாரம் சனிக்கிழமை வெளியே எங்கும் கிடையாது, வீட்டு வேலைதான். மூன்று, காரணம் சொன்னால் தண்டனை இரண்டு மடங்கு.

மூன்றாவது என் சொந்தச் சரக்கு இல்லை. தையல் கம்பெனியிலிருந்து கொண்டு வந்தது. அங்கே நான் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். தையல் கோணினால், பொத்தான் நகர்ந்தால், அந்தப் பீஸில் சிவப்பு நூல் கட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்புவேன். அவளே பிரித்து அவளே தைக்க வேண்டும். ஊசி சரியில்லை, லைட் சரியில்லை என்று வாயைத் திறந்தால் கூடவே பத்து பீஸ். இந்தச் சட்டம் வந்த பிறகு லைனில் சத்தமே இல்லை. வீட்டிலும் அப்படி ஒரு அமைதி இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதும் வேலை என்பதாலோ என்னவோ, வீட்டில் எந்தச் சண்டையிலும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார். "மூணாவது கொஞ்சம் அதிகமா தெரியுது," என்றார். சாக்குப் பேச்சு கேட்டுக் காது புளித்துப் போனது எனக்குத்தானே, அவருக்கா?

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டு வந்ததும் மாடியில் காயும் துணியை எடுத்து வைப்பது பெரியவளின் வேலை. பன்னிரண்டு வயது. நான் வேலை முடிந்து வந்து படியேறியபோது மொட்டை மாடிக் கதவு திறந்து கிடந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் அப்போதுதான் வீடு திரும்பி, தங்கள் சாவியால் திறந்து, தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருந்தார்கள். கொடியில் எங்கள் துணி எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கியது. காலையில் அவசர அவசரமாக நான் துவைத்துப் போட்டுவிட்டுப் போன துணி. அள்ளிக்கொண்டு இறங்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏன் எடுக்கல?" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். என் விரல் தானாக ஃப்ரிட்ஜ் பக்கம் போயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். சின்னவன், நாங்கள் வாலு என்று கூப்பிடுகிறவன், ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் கையைக் கிள்ளினாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். சட்டம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பள்ளியில் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். பத்து மணிக்கு பஸ். பெரியவளுக்கு ஒரு மாதமாக அதே நினைப்பு. அங்கே கேட்பதற்கென்று நோட்டில் இருபது கேள்வி எழுதி வைத்திருந்தாள். சட்டம் என்றால் சட்டம் என்றேன். அழவில்லை, கெஞ்சவில்லை, சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாடம் படித்தாள். கெஞ்சியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

மழை விடவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டோம். ஃபேனுக்குக் கீழே ஈரச் சட்டைகளை ஒதுக்கி ஒதுக்கி நடக்கும்போதெல்லாம் அந்தக் கிள்ளல் ஞாபகம் வந்தது. ஏன் கிள்ளினாள்?

சனிக்கிழமை காலை டேபிளில் நின்றேனே தவிர மனம் நிற்கவில்லை. ஒரு சட்டையில் காலர் ஓரம் கோடு மாதிரி இழுத்திருந்தது. சிவப்பு நூலை எடுத்தவள், வழக்கம்போல அதை லைட்டில் பிடித்துப் பார்த்தேன். துணியிலேயே வந்த குறை. தைத்தவள் என்ன செய்வாள் பாவம்? நூலைக் கட்டாமல் தனியே வைத்தேன். பதினொரு வருடமாக ஒரு பீஸைக்கூட லைட்டில் பார்க்காமல் திருப்பினதில்லை நான்.

அடுத்த பீஸுக்கு நூல் வெட்டும் கத்தரியைக் காணோம். பையில் கைவிட்டேன். என் பையின் உள்துணி கிழிந்து மாதக் கணக்காகிறது. ஊருக்கெல்லாம் தையல் பார்க்கிறவள், அதைத் தைக்க நேரமில்லை. கிழிசலுக்குள் விரல் விட்டுத் துழாவியபோது கத்தரி வந்தது. கூடவே ஒரு சாவி. பச்சை ரிப்பன் கட்டிய மாடிக் கதவுச் சாவி.

புதன் காலை துணி போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, எப்போதும் தொங்கும் ஆணியில் மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தது நான். மழை பெய்தபோது அவள் ஆணியைப் பார்த்திருப்பாள். வெறும் ஆணி.

மணி ஒன்பதரை. அவர் போன் எடுக்கவில்லை, லிஃப்ட் குழிக்குள் இருப்பார். வீட்டில் வேறு போன் கிடையாது. சூப்பர்வைசரிடம் ஓடினேன். "மேடம், என் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"காரணம் வேண்டாம்," என்றாள். "இப்ப போனா அடுத்த சனிக்கிழமை உன் லீவு கட்."

மாதத்துக்கு ஒரே ஒரு சனிதான் எனக்கு லீவு. அன்றைக்குப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போவதாக மூன்று மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்தேன். போனால் போகிறது, கோளரங்கத்தை விடவா? "எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இன்னும் மெதுவாகப் போகும் போல இருந்தது. பள்ளி முனையில் குதித்து ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. பஸ் கிளம்பிக் கால் மணி நேரமாகிறது என்றார் வாட்ச்மேன்.

வீட்டில் பெரியவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சாவியை நீட்டினேன். மூச்சு வாங்கியது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ரெண்டு மடங்குன்னு நீதானே எழுதின."

"இருந்தா என்ன? கோளரங்கம் போயிருக்கலாமே."

"சொல்லியும் நீ நம்பலன்னா? ரெண்டு மடங்குன்னா ரெண்டு சனிக்கிழமை." துணியைப் பிழிந்தாள். "அடுத்த சனிக்கிழமை உனக்கு லீவும்மா. கடல். அதனாலதான் இவனையும் பேச விடல."

வாலு கட்டில் மேலே நின்று தலையாட்டினான்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். சொல்லாமல் இருக்க முடியாது. அந்த லீவை இப்போதுதான் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன்.

அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு "சரி" என்றாள், புதன்கிழமை சொன்ன அதே சரி. குனிந்து மறுபடி தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்கவே இல்லை. என் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அமைதி வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனே, அது இதுதான்.

துடைக்கும் துணியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"கேளுடி," என்றேன். "ஏன்னு கேளு. கத்திக்கூட கேளு. நான் காரணம் சொல்லணும்."

அவள் சாவியைப் பார்த்தாள்.

"சாவி எங்க இருந்துச்சு?" என்றாள். குரல் உடைந்து, மூன்று நாளாக வராத அழுகை வந்தது.

பையைத் தரையில் கவிழ்த்து, கிழிசலை விரித்து அவளுக்குக் காட்டினேன்.