தரை அதிராத வீடு

சங்கரேஸ்வரி குடியிருந்த இடத்தில் யாரும் செவிடு இல்லை. தாராவியில், பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் மெஷினுக்கு நேர் மேலே இருந்த ஒற்றை அறை அது. காலையிலிருந்து தரை அதிரும். குடத்துத் தண்ணீரில் வட்டங்கள் ஓய்வதில்லை. அங்கே எல்லாரும் கத்துவார்கள், கையால் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பதினெட்டு வருடம் அப்படி வாழ்ந்ததில், தன் காது எப்போது நின்றுபோனது என்று அவளுக்கே தெரியாது.

மாட்டுங்காவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன முதல் நாள் தெரிந்தது. மூன்றாம் மாடி ஃப்ளாட். தரை அசையவில்லை. என்ன ஒரு அமைதியான வீடு என்று நினைத்தாள். அடுப்பில் குக்கரின் வெயிட் எழும்பி ஆவி பீறிட்டது. அதற்கும் ஓசை இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் விஜயராணிக்குப் பதினாலு வயது. கொஞ்ச நாளாக அவளும் உதட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். கோபர்கைரனேயில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள் சங்கரேஸ்வரி. ஆறு மாதம் இந்த வேலையில் நின்றால் போதும், மகளை அந்த மெஷினின் மேலிருந்து இறக்கிவிடலாம்.

"மெல்லப் பேசுங்கோ. இது சந்தை இல்லை," என்றாள் வீட்டுக்காரி நாகலக்ஷ்மி. அவளுடைய உதடுகள் தெளிவானவை. அன்றிலிருந்து சங்கரேஸ்வரி தொண்டையில் விரலை வைத்து, துடிப்பு அடங்கும்வரை குரலை இறக்கிப் பழகினாள்.

நாகலக்ஷ்மியின் கணவர் சங்கரனின் உதட்டைத்தான் படிக்க முடியவில்லை. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கூப்பிட ஒரு மணி கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் சமையலறையிலிருந்து அவள் வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. இடக்கையில் மணி ஆடிக்கொண்டே இருந்தது, அவர் கண்ணில் நீர். அவளுடைய காதுகளைப் பார்த்தார். பிறகு மணியை மெதுவாகக் கீழே வைத்தார்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த மனைவி எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டபோது, ஆமாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் அவள் ஒரு நீளமான நூலை அவருடைய இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் நாகலக்ஷ்மி வருமுன் அவிழ்த்துவிடுவாள். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட்பேன். மூன்று, சும்மா வா. மூன்றுக்கு வந்து நின்றால், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கிளியைக் கண்ணால் காட்டுவார்.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை, மதியம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது நூல் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. கணக்கில் இல்லாத இழுப்பு. ஓடினாள். தலைவலி என்று சீக்கிரம் திரும்பியிருந்த நாகலக்ஷ்மி, வாசல் கதவைக்கூடச் சாத்தாமல், கணவரின் கையிலிருந்த முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"மாட்டைக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கயா?"

சங்கரன் இல்லையென்று தலையை ஆட்டினார். வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. "பயப்படாதேங்கோ, நான் வந்துட்டேன்," என்று அதைத் துடைத்தாள் நாகலக்ஷ்மி.

"எனக்குக் காது கேக்காதும்மா. அவிய கூப்புட்டா தெரியணும்னுதான் கட்டுனேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

எதிர் ஃப்ளாட்டின் கதவு திறந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கத்திவிட்டோம் என்று அதனால்தான் அவளுக்குத் தெரிந்தது.

நாகலக்ஷ்மி திரும்பி நின்றுகொண்டு முடிச்சை அவிழ்த்தாள். தோள்கள் அசைவதைப் பார்த்தால் ஏதோ பேசுவதுபோல் இருந்தது.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கம்மா."

திரும்பினாள். கோபம் வடிந்த முகத்தில் பயம் இருந்தது. "நாலு மாசமா காது கேக்காத ஒருத்தரை நம்பி இவரை விட்டுட்டுப் போயிருக்கேன். தப்பா நினைச்சுக்காதேங்கோ. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

செருப்பை மாட்டும்போது உள்ளே பார்த்தாள். சங்கரனின் இடக்கை உயர்ந்து, நூல் இல்லாத காற்றை மூன்று முறை இழுத்தது. அவள் உள்ளே போகவில்லை.

தாராவியில் இரும்பு ஏணியைப் பிடித்தபோது அது அதிரவில்லை. கரண்ட் போயிருந்தது. மேலே குடத்துத் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. விஜயராணி வாசலுக்கு முதுகு காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"விஜி." தொண்டையில் விரல் வைத்து, மாட்டுங்கா குரலில் கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை.

விரலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு, வயிறு உள்ளே ஒட்டிக்கொள்ளும்படி, "ஏட்டி விஜயராணி."

மெஷினில் வேலை செய்யும் பூலோகம் கீழேயிருந்து தலையை நீட்டி ஏணிக்கு மேலே பார்த்துச் சிரித்தான். அவன் உதடுகள் நன்றாகத் தெரிந்தன.

"மெஷினே பந்த் ஆயிட்டு. ஒங்க தொண்டை பந்த் ஆவலியாக்கா?"

விஜயராணி பக்கத்தைப் புரட்டினாள்.